அரிசியை ஒளியில் காட்டினால் அமைலோஸ் தெரிந்துவிடுமா?

கேள்வி (3 பிப்ரவரி 2023)

என்ஐஆர் (அண்மை அகச்சிவப்பு ஒளி) கருவி ஒன்று வாங்கப் போகிறோம். தீட்டிய அரிசியை அப்படியே கிண்ணத்தில் கொட்டினால் ஒரு நிமிடத்துக்குள் ஈரம், புரதம், அமைலோஸ் (மாவுச்சத்தின் ஒரு பாகம்), தீட்டல் அளவு நான்கும் திரையில் வந்துவிடும் என்கிறார்கள். அரைக்க வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம், அமிலம் வேண்டாம். அப்படியென்றால் இனிமேல் லேப் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

3 பிப்ரவரி, இரவு

லேப் வேண்டும். கருவி வந்த முதல் வருஷம் இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு வேலை லேபுக்கு இருக்கும். அதையும் மேலிடத்தில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அந்தக் கருவி அளப்பது ஒளியை மட்டும்தான். ஹாலஜன் விளக்கின் வெளிச்சத்தை அரிசிமேல் அடித்து, திரும்பி வருவதை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறது. 780 முதல் 2500 நானோமீட்டர் வரை உள்ள பகுதிதான் அண்மை அகச்சிவப்பு. நீர் 1450, 1940 பக்கம் உறிஞ்சும். புரதம் 2050, 2180 பக்கம். எண்ணெய் 1720-லிருந்து 1760 வரை, அப்புறம் 2310 பக்கம். மாவுச்சத்து 2100-இல் ஒரு பெரிய மேடாக நின்றுகொண்டு பக்கத்தில் உள்ள எல்லோர்மேலும் சாய்ந்துகொள்ளும். இந்த நெரிசலில் புரதம் 7% என்று எந்த அலைநீளத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. நீங்கள் லேபில் கெல்டால் முறையில் (நைட்ரஜனை அளந்து, பெருக்கிப் புரதம் கணக்கிடுவது) அளந்த 150 மாதிரிகளின் புரத எண்களையும், அதே மாதிரிகளின் ஒளிக்கோடுகளையும் (அலைநீளம் வாரியாகத் திரும்பி வந்த ஒளியின் வரைபடம்) சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கேலிபரேஷன். அதற்கப்புறம் அது சொல்வதெல்லாம் உங்கள் லேப் சொல்லிக்கொடுத்த பாடம். லேப் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் தப்பாக ஒப்பிக்கும், அதுவும் இரண்டு தசம இடத்தோடு.

4 பிப்ரவரி

கருவியோடு கேலிபரேஷனும் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். யாரோ ஒருவர் வேறு ரகங்களில், வேறு ஆலையில், வேறு வருஷத்து அறுவடையில் செய்தது. ஈரத்துக்குப் பெரும்பாலும் ஓடும். புரதத்துக்குச் சின்னத் திருத்தத்தோடு ஓடும். அமைலோஸுக்கு அதை நம்பி ஒரு லாரியையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

5 பிப்ரவரி

அமைலோஸ் ஏன் தனி வம்பு என்று கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நீர், புரதம், எண்ணெய் மூன்றுக்கும் அததற்கென்று பிணைப்பு இருக்கிறது. மாவுச்சத்தின் இரண்டு பாகங்களான அமைலோஸும் அமைலோபெக்டினும் ஒரே குளுக்கோஸ் மணியால் கோத்த மாலைகள். ஒன்று பெரும்பாலும் நேராகப் போகும், இன்னொன்று கிளை விடும். கிளை விடும் முடிச்சுகள்கூட மொத்தப் பிணைப்பில் ஏறக்குறைய 5% தான். ஒளிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆள். பிறகு எப்படிக் கணிக்கிறது? மாவுமணிக்குள் சங்கிலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, நீர் எங்கே ஒட்டியிருக்கிறது, ஒளி எப்படிச் சிதறுகிறது என்ற மறைமுகத் தடயங்களை வைத்துத்தான். கொஞ்சம் பலிக்கும். ஆனால் எந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டது என்று நமக்குச் சொல்லாது.

நான் முதன்முதலில் செய்த அமைலோஸ் கேலிபரேஷனில் ஆர் ஸ்கொயர் (கணிப்பு லேப் எண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.91 வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தேன். புள்ளிகள் இரண்டு கூட்டமாக நின்றன. கீழே இடது மூலையில் பசைத்தன்மை கொண்ட ரகங்கள், அமைலோஸ் 2 சதவீதத்துக்கும் குறைவு. மேலே வலது மூலையில் மற்ற எல்லாம், 18-லிருந்து 28 வரை. நடுவில் வெட்டவெளி. பசை ரக அரிசி மாவுமணிகளுக்குள் நுண்துளை இருப்பதால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஒளியைச் சிதறடிக்கும். அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கருவியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பசை ரகங்களை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஆர் ஸ்கொயர் 0.56. கணிப்புப் பிழை முன்பும் 1.8, பின்பும் 1.8. பிழை மாறவே இல்லை, மாதிரிகளின் விரிவுதான் சுருங்கியது. முன்பு திட்ட விலக்கம் (அந்த விரிவின் அளவு) 6, அதை 1.8-ஆல் வகுத்தால் 3.3. பின்பு 2.7, வகுத்தால் 1.5. இந்த வகுத்தலைத்தான் ஆர்பிடி என்று பெயர் வைத்து விளம்பரத் தாளில் போடுகிறார்கள். இனி யாராவது உங்களிடம் ஆர்பிடி சொன்னால், மாதிரிகளில் பசை ரகம் எத்தனை என்று முதலில் கேளுங்கள்.

5 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

டீ வாங்கிக் கொடுத்ததை யாரும் திருப்பித் தரவில்லை.

9 பிப்ரவரி

1.8 பிழை என்றால் அப்படி என்ன மோசம் என்று கேட்டதற்கு: அமைலோஸை 12-20 குறைவு, 20-25 நடுத்தரம், 25-க்கு மேல் அதிகம் என்று பிரிப்பது வழக்கம். கருவி 24 என்று சொன்னால் உண்மையில் 22 ஆகவும் இருக்கலாம், 26 ஆகவும் இருக்கலாம். சோறு ஆறினால் மெத்தென்று இருக்குமா, விறைக்குமா என்பதே அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது. ரகம் வளர்ப்பவருக்கு ஆயிரம் வரிசையில் 30 போன்றதையும் 10 போன்றதையும் தனித்தனியே ஒதுக்க இது போதும், உபயோகமும்கூட. மூட்டைக்குச் சான்றிதழ் ஒட்ட இது போதாது.

12 பிப்ரவரி

லேப் எண்ணே தடுமாறும்போது கருவியை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு லேபில் அமைலோஸை அளக்கும் அயோடின் சோதனை எப்படி நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அரிசி வேதியியலாளர் ஜூலியானோ 1971-இல் எளிமைப்படுத்திய முறைதான் இன்றைக்கும் அடித்தளம். 100 மில்லிகிராம் அரிசி மாவு. 1 மில்லி எத்தனால் விட்டு நனைப்பது, கட்டி பிடிக்காமல் இருக்க. 9 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு. கொதிநீரில் 10 நிமிடம். 100 மில்லிக்கு நிரப்பி, அதில் 5 மில்லி எடுத்து, 1 மில்லி அசெட்டிக் அமிலம், 2 மில்லி அயோடின் கரைசல், மறுபடி 100 மில்லி. 20 நிமிடம் காத்திருந்தால் நீலம் ஏறும். 620 நானோமீட்டரில் அந்த நீலத்தின் அடர்த்தியைப் படித்து, அளவு தெரிந்த அமைலோஸால் வரைந்த திட்ட வளைவில் வைத்து அமைலோஸ் என்கிறோம்.

இப்போது இதில் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பாருங்கள். அமைலோபெக்டினின் நீளக் கிளைகளும் கொஞ்சம் அயோடினைப் பிடிக்கும். அதனால்தான் இதைத் 'தோற்ற அமைலோஸ்' என்கிறார்கள். மாவில் கொழுப்பு இருந்தால் அமைலோஸோடு போய்ச் சேர்ந்து அயோடினுக்கு இடம் விடாது. திட்ட வளைவுக்கு உருளைக்கிழங்கு அமைலோஸ் மட்டும் போட்டீர்களா, அமைலோபெக்டினும் கலந்தீர்களா என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

என் கதை: திட்ட வளைவுக்கு வைத்திருந்த அமைலோஸ் பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டது. நான் 40 மில்லிகிராம் என்று நிறுத்துப் போட்டதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். வளைவு சரிந்தது. அந்த மாதம் அளந்த மாதிரி எல்லாம் இரண்டு புள்ளிக்கு மேல் கூடுதலாகக் காட்டின. கருவி என்ன செய்தது? விசுவாசமாக அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்தே கற்றுக்கொண்டது. வேறொரு லேபுக்கு அனுப்பிய பத்து மாதிரிகள் திரும்பி வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பாட்டிலுக்கு இப்போது உலர்கலத்தில் நிரந்தர வாசம்.

13 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். லேப் பிழை தற்செயலாக மேலும் கீழும் சிதறினால் அவ்வளவு பயமில்லை. மாதிரி கூடக் கூடக் கேலிபரேஷன் அதைச் சராசரியாக்கிக்கொள்ளும். எங்கள் பாட்டில் மாதிரி ஒரே பக்கம் சாயும் பிழைதான் குடியைக் கெடுக்கும்.

13 பிப்ரவரி

கெல்டாலிலும் இதே கூத்து உண்டு. அரிசிக்கு நைட்ரஜனை 5.95-ஆல் பெருக்க வேண்டும். பொதுவாகப் பழகிய 6.25-ஆல் பெருக்கினால் 5% கூடிவிடும், 7.0 என்பது 7.35 ஆகும். இரண்டு இடத்துத் தரவை ஒன்றாகச் சேர்த்தபோது எங்களுக்கு ஒரு பாதி மாதிரி மட்டும் கோட்டுக்கு மேலேயே மிதந்தது. மூன்று நாள் ஒளிக்கோடுகளைத் துருவினோம். குற்றவாளி எக்செல் தாளில் ஒரு பெருக்கல்.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் கருவி வந்துவிட்டது என்று சொல்கிறார். வாழ்த்துகள். முதல் ஒரு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். ஒரே அரிசியை ஒரே கிண்ணத்தில் காலை, மதியம், மாலை வைத்து வைத்து அளந்துகொண்டே இருங்கள். விளக்கு சூடேற அரை மணி நேரமாவது கொடுங்கள். வெறும் கிண்ணத்தையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், ஒரு வேடிக்கை இருக்கிறது.

21 பிப்ரவரி

ஆமாம், வெறும் கிண்ணத்துக்கும் புரதம் காட்டும். எங்களுடையது 11.3% காட்டியது. பிளாஸ்டிக் மணி போட்டால் அமைலோஸும் சொல்லும். கணக்குக்கு என்ன தெரியும், எண்களைக் கொடுத்தால் எண்ணைத் தரும். இதற்காகத்தான் மகாலனோபிஸ் தூரம் என்ற சோதனையை மென்பொருளில் வைத்திருக்கிறார்கள். புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1936-இல் எழுதிய அந்தத் தூரம், புதிதாக வந்த மாதிரி கற்றுக்கொண்ட கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்லும். எச்சரிக்கையை அணைத்து வைத்திருப்பார்கள், போய் இயக்கி விடுங்கள்.

2 மார்ச்

இது எனக்கே பாடம் கற்பித்த விஷயம். நீளமாக இருக்கும்.

புரதத்துக்கு ஒரு கேலிபரேஷன் செய்தோம். முழு அரிசி, அரைக்கவில்லை. 160 மாதிரி. ஆய்வக ஆலையில் சிலவற்றை லேசாகவும் சிலவற்றை நன்றாகவும் தீட்டினோம், எல்லா விதமும் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில். கணிப்புப் பிழை 0.25. அருமை. அடுத்த பருவத்தில் எல்லா மாதிரியும் ஒரே அளவு தீட்டியே வந்தன. பிழை 0.6-க்குத் தாவியது. கருவி கெட்டுவிட்டது என்று விளக்கை மாற்றினோம், ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளைத் தகட்டை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறது என்று வரைந்து பார்த்தேன். 2050, 2180 பக்கம் மேடுகள் இருந்தன, ஆனால் குட்டியாக. பெரிய மேடுகள் 1720-இலும் 2310-இலும். அது எண்ணெயின் இடம்.

யோசித்தால் புரிகிறது. அரிசியின் வெளி அடுக்குகளில் புரதமும் அதிகம், எண்ணெயும் அதிகம். தீட்டத் தீட்ட இரண்டும் சேர்ந்து குறையும். ஒளி முழு அரிசிக்குள் ஆழமாகப் போவதில்லை, நீள அலைகளில் மேல்தோலோடு நின்றுவிடும். மேலே ஒட்டியிருக்கும் தவிட்டு எண்ணெயைப் பார்ப்பது அதற்குச் சுலபம். சுலபமானதைப் பார்த்து, இது லேசாகத் தீட்டியது, ஆகவே புரதம் அதிகமாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டது. பரீட்சைக்குப் பாடம் படிக்காமல் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதிய கதை. பக்கத்துப் பையன் வராத அன்றைக்கு மாட்டிக்கொண்டது.

தீர்வு: ஒவ்வொரு ரகத்தையும் மூன்று அளவில் தீட்டி, அதிகப் புரத ரகத்தை நன்றாகத் தீட்டியதும், குறைந்த புரத ரகத்தை லேசாகத் தீட்டியதும் சம அளவில் இருக்கும்படி மாதிரிகளைப் பொறுக்கினோம். எண்ணெயைப் பார்த்துப் புரதத்தைச் சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டோம். பிழை 0.35-இல் நின்றது. 0.25-ஐவிட மோசமான எண்தான், ஆனால் அடுத்த வருஷமும் 0.35 ஆகவே இருந்தது.

3 மார்ச்

நேற்றைய குறிப்புக்கு ஒரு மறுப்பு வந்திருக்கிறது: வரும் அரிசியில் தீட்டலும் புரதமும் எப்போதும் சேர்ந்தே மாறினால், அந்தக் குறுக்குவழி செல்லும்தானே? செல்லும். ஒரே ஆலை, ஒரே ரகம் என்றால் நான் சொன்ன வம்பெல்லாம் தேவையில்லாமலே போகலாம். எங்களுக்குப் பல இடத்து அரிசி வந்ததால் அடி வாங்கினோம். ஒத்துக்கொள்கிறேன்.

3 மார்ச்

அதையே திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சேதி. தீட்டல் அளவைச் சொல்வதில் இந்த ஒளி கெட்டிக்காரன். லேபில் அதற்குப் பெட்ரோலியம் ஈதரில் அரிசியை முழுதாக மணிக்கணக்கில் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிச் சாதனத்தில் போட்டு மேற்பரப்பு எண்ணெயைக் கழுவி எடுத்து நிறுக்க வேண்டும். தீ பிடிக்கும் திரவம், கண்ணாடிச் சாமான், பொறுமை மூன்றும் வேண்டும். என்ஐஆரில் அதே 1720, 2310. மேற்பரப்பில் உள்ளதை மேற்பரப்பைப் பார்த்தே சொல்வதால் ஏமாற்று வேலைக்கு இடம் குறைவு.

வெண்மைமானி இருக்கிறதே என்பவர்களுக்கு: அது எவ்வளவு வெள்ளை என்று மட்டும் சொல்லும். நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை விழுந்த அரிசி லேசாகத் தீட்டினாலே வெள்ளையாக இருக்கும். புழுங்கல் எவ்வளவு தீட்டினாலும் மஞ்சள் விடாது. இரண்டையும் வெண்மைமானியில் வைத்தால் வேடிக்கைதான்.

10 மார்ச்

புழுங்கலுக்கும் பச்சரிசிக்கும் ஒரே கேலிபரேஷன் போடலாமா? கூடாது. புழுக்கும்போது மாவுச்சத்து வெந்து இறுகி மணி கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஒளி சிதறும் விதமே வேறு. தனித்தனியே செய்யுங்கள். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

18 மார்ச்

கேள்வி கேட்டவரின் புது வருத்தம்: காலையில் மேற்பரப்பு எண்ணெய் 0.40, அதே அரிசி மாலையில் 0.52. கருவி நகர்கிறதா?

கிண்ணத்தின் அடிக் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள்.

19 மார்ச்

சொன்னேன் அல்லவா, வழவழவென்று இருந்ததாம். தீட்டிய அரிசியிலும் தவிட்டுத் தூள் ஒட்டியிருக்கும். மாதிரிக்கு மாதிரி கொட்டக் கொட்ட, கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் சேரும். கருவி அரிசியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் படலத்தைப் பார்க்கிறது. எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது, உங்களுக்கு ஒரு நாளில் முடிந்தது. ஐந்து மாதிரிக்கு ஒருமுறை எத்தனாலில் நனைத்த துணியால் துடைத்து, உலர விட்டு வையுங்கள். உலராமல் வைத்தால் எத்தனாலையும் அது அரிசி என்று நினைத்துக்கொள்ளும்.

குளிர் அறையிலிருந்து எடுத்த அரிசியை உடனே வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீரின் உறிஞ்சல் மேடு வெப்பநிலையோடு நகரும், ஏனென்றால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம் மாறுகிறது. எங்களுக்கு ஒருமுறை அரை சதவீத ஈரம் இப்படிக் காணாமல் போய், அறைச் சூட்டுக்கு வந்ததும் திரும்பி வந்தது. இப்போது மாதிரிகளை முந்தின நாளே மூடிய பையில் மேசைமேல் வைத்துவிடுகிறோம்.

2 ஏப்ரல்

கேலிபரேஷனுக்கு முன் ஒளிக்கோடுகளைத் திருத்தும் முன்தயாரிப்புக் கணக்குகள் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எஸ்என்வி, எம்எஸ்சி, சவிட்ஸ்கி-கோலே முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு. எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலைக்குத்தான்: குருணை கூடுதலாக இருந்தால் ஒளி ஒரு மாதிரி சிதறும், நீள அரிசி வேறு மாதிரி, கோடு மொத்தமாக மேலே கீழே போகும், சாயும். அதை இழுத்து ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. நான் எஸ்என்வியோடு முதல் வகைக்கெழு போட்டு விட்டுவிடுவேன். நாற்பது விதமாக முயன்று எது நல்ல எண் தருகிறதோ அதை எடுப்பது லாட்டரிச் சீட்டை நாற்பது வாங்கிவிட்டு எனக்குக் கணக்கு வரும் என்று சொல்வது போல.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சுண்ணாம்பு வெள்ளை விழுந்த அரிசியின் விகிதம் வேண்டுமென்றால் சிதறல்தான் உங்களுக்குச் சேதி. அங்கே மாவுமணிகள் நெருக்கமில்லாமல், நடுவில் காற்றோடு இருப்பதால்தான் வெள்ளை. எஸ்என்வி போட்டு அதை அழித்துவிட்டு, ஏன் கணிக்கவில்லை என்று கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் படமெடுத்து ஒவ்வொரு மணியாக எண்ணுவது இன்னும் நல்லது.

2 ஏப்ரல்

ஆழக் கற்றல் வலைப்பின்னல் போடலாமா என்றால், 180 மாதிரிக்கு வேண்டாம். பிஎல்எஸ் (வழக்கமான நேர்கோட்டுக் கணக்கு முறை) போதும்.

16 ஏப்ரல்

இந்த நுட்பம் புதிதா என்று ஒருவர். ஹெர்ஷல் 1800-இல் முப்பட்டகத்தின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, அங்கேதான் அதிகம் சுடுகிறது என்று கண்டார். அதற்கப்புறம் இந்தப் பகுதியை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை, மேடுகள் அகலமாக ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்ததால். 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் மையத்தில் கார்ல் நாரிஸ் தானிய ஈரத்தில் தொடங்கி இதை வேலைக்கு ஆக்கினார். ஜப்பானில் 1980களிலேயே அரிசிக்குச் 'சுவைமானி' வந்துவிட்டது. ஒரே ஒரு மதிப்பெண் தரும். அதற்குள் இருப்பது புரதம், அமைலோஸ், ஈரம், கொழுப்பு அமிலம் ஆகியவற்றின் கலவை. புரதம் குறைந்தால் மதிப்பெண் ஏறும். அவர்கள் நாக்குக்குச் சரி. உதிரி உதிரியாக வேண்டும் என்பவர் நாக்குக்கு அந்த நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றுக்கும் உதவாது.

16 ஏப்ரல்

மணம்? மணத்துக்குக் காரணமான 2-அசிட்டைல்-1-பிரோலின் மணமுள்ள அரிசியில்கூட கோடியில் சில பங்குதான். இந்தக் கருவிக்கு அது கண்ணிலேயே படாது. ஆர்சனிக்கும் அப்படியே. கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு, தீட்டிய அரிசியில் கனிம ஆர்சனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். யாராவது என்ஐஆரில் ஆர்சனிக் பார்க்கிறோம் என்றால், எந்த வயலிலிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 2-ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன பக்கத்துப் பையன்.

7 மே

கேள்வி கேட்டவர் தன் தரவுக் கோப்பை அனுப்பியிருக்கிறார். 140 மாதிரி, பசை ரகம் ஒன்றுகூட இல்லை (பாடம் ஏறியிருக்கிறது), பச்சரிசி மட்டும், அமைலோஸ் பிழை 0.9. லேபின் சொந்தப் பிழையே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்போது கருவி அதைத் தொட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

9 மே

முதல் சந்தேகம்: ஒவ்வொரு மாதிரியும் மூன்று முறை அளக்கப்பட்டிருக்கிறது. சரிபார்க்கும்போது ஒரு மாதிரியின் இரண்டு கோடுகள் கற்கும் பக்கமும் ஒன்று சோதிக்கும் பக்கமும் போய்விட்டால், வினாத்தாளை முன்கூட்டியே காட்டிய மாதிரி ஆகிவிடும். மூன்றையும் சராசரியாக்கி ஓட்டினேன். பிழை 1.1. பிழை கூடியதுதான், ஆனால் எண் இன்னும் அழகாகவே இருக்கிறது.

10 மே

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கோப்பில் அளந்த நேரம் பதிவாகியிருந்தது. நேரத்தை வரிசைப்படுத்தினால் அமைலோஸும் தானாகவே வரிசையாகிறது. லேப் எண் கையில் வந்தபிறகு, குறைவிலிருந்து அதிகம் வரை அடுக்கி வைத்து, திங்கள் காலை தொடங்கி செவ்வாய் மாலை வரை அளந்திருக்கிறார்கள். ஒழுங்கான ஆட்கள், ஒழுங்குதான் காலை வாரியது. அந்த இரண்டு நாளில் விளக்கு கொஞ்சம் மாறியிருக்கும், அறை ஈரம் மாறியிருக்கும், கிண்ணத்தில் படலம் சேர்ந்திருக்கும். கருவி நேரத்தைப் படித்து அமைலோஸ் என்று சொல்லியிருக்கலாம்.

சும்மா ஒரு சோதனை: அமைலோஸுக்குப் பதில் அளந்த நேரத்தை இலக்காகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஆர் ஸ்கொயர் 0.88. விலை கொடுத்து வாங்கிய கடிகாரம்.

அதே 140 மாதிரியையும் சீட்டுக் குலுக்கி, வரிசை கலைத்து மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் வந்திருக்கும்.

28 மே

கோபம் வந்ததாம், ஆனால் அளந்துவிட்டார்கள். பிழை 1.7. என் 1.8-க்குப் பக்கத்தில். ஈரம் 0.2, புரதம் 0.3, மேற்பரப்பு எண்ணெய் 0.05. அமைலோஸை மட்டும் மூன்று கூடையாகப் பிரித்து, கோட்டுக்குப் பக்கத்தில் விழுவதை அயோடினுக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மேலிடத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். லேபுக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கிறார்களாம்.

29 மே

மேலே பிப்ரவரி 12 குறிப்பில் அயோடின் விட்டதும் 20 நிமிடம் என்று எழுதியிருந்தேன். புது ஆள் கேட்டிருக்கிறார், பத்து நிமிடத்தில் படித்தால் ஆகாதா என்று. ஆகாது. மூடியையும் இறுக்கிவையுங்கள்.